உங்களுக்குத் தெரியுமா? கையில் போன், காலடியில் கரிசல்: இனி எல்லாம் கற்கலாம்

கோயில் கொடைக்கு போஸ்டர் அடித்துத் தருகிற தம்பி, கல்லூரிப் பேருந்தில் போனிலேயே படம் வரைகிற தங்கச்சி, கடை சாத்திய பிறகு ராத்திரி வீடியோ எடிட் பண்ணுகிற அண்ணன். பனவடலிசத்திரம், தேவர்குளம், சங்கரன்கோவில் பக்கம் ஊருக்கு நாலு பேராவது இப்படி இருக்கிறார்கள். பிழைப்பு வேறு, ஆசை இது. அவர்கள் கேட்பது ஒன்றுதான்: "இதையெல்லாம் முறையாப் படிக்கணும்னா சென்னைக்குப் போகணுமா? லட்சக்கணக்குல கேக்கறாங்களே?"

போக வேண்டாம், கட்டவும் வேண்டாம். பாடமும் கருவியும் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. வரைவதற்கும் படம் பிடிப்பதற்கும் வேண்டியது நம்மைச் சுற்றியே கிடக்கிறது. இந்த இரண்டையும் சேர்க்கத் தெரிந்தவருக்கு இந்தத் தொகுப்பு.

பொதுமக்கள் காசு போட்டு மீட்ட மென்பொருள்

முப்பரிமாணப் படம், அனிமேஷன் செய்ய உலகம் முழுக்கப் பயன்படும் 'பிளெண்டர்' ஒரு காலத்தில் ஒரு நிறுவனத்தின் சொத்து. நெதர்லாந்தின் டான் ரோசன்டால் உருவாக்கியது. 2002-ல் நிறுவனம் நொடித்தபோது, ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் மென்பொருளின் மூல நிரலை வெளியிடலாம் என்று முதலீட்டாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். ரோசன்டால் பொதுமக்களிடம் கேட்டார். ஏழே வாரத்தில் தொகை சேர்ந்தது. 2002 அக்டோபர் 13 முதல் பிளெண்டர் எல்லோருக்கும் சொந்தம். இன்று நீங்கள் ஒரு பைசா தராமல் இறக்கிக்கொள்வது அப்படிப் பலர் பணம் போட்டு மீட்ட பொருள்.

வசனமே இல்லாத பூனைக்கு ஆஸ்கார்

2025 மார்ச்சில் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்காரை வாங்கிய 'ஃப்ளோ' அதே பிளெண்டரில் செய்யப்பட்டது. இயக்குநர் லாட்வியா நாட்டின் கின்ட்ஸ் ஜில்பலோடிஸ். வெள்ளத்தில் சிக்கிய ஒரு பூனையின் கதை. படத்தில் ஒரு வார்த்தைகூடப் பேச்சு கிடையாது. இதற்கு முன் 2019-ல் வந்த 'அவே' என்ற முழுநீளப் படத்தை எழுத்து, அனிமேஷன், இசை என எல்லாவற்றையும் தனி ஆளாகவே செய்து முடித்தவர் அவர். பெரிய ஸ்டூடியோ இருந்தால்தான் படம் என்பவர்களிடம் இந்த இரண்டு பெயரையும் சொல்லுங்கள்.

உலகமே முதலில் செய்வது ஒரு டோனட்

பிளெண்டர் கற்றவர்களிடம் முதலில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் "டோனட்" என்பார்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ பிரைஸ் 'பிளெண்டர் குரு' என்ற யூடியூப் சேனலில் தரும் தொடக்கப் பாடம் அது. வடிவம், நிறம், ஒளி, கேமரா என ஒரே பொருளை வைத்து அத்தனையும் சொல்லித் தருகிறார். ஒருமுறை டோனட் செய்துவிட்டு, அதே முறையில் மறுமுறை உளுந்தவடை செய்து பாருங்கள். பாடம் கைக்கு வந்ததா இல்லையா என்று அப்போதுதான் தெரியும்.

தமிழ்க் குரலில் பத்து நிமிடப் பாடம்

ஆங்கிலம் தடையா? மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா முன்னின்று வளர்த்த 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தைத் தேடுங்கள். மத்திய அரசின் நிதியில் வளர்ந்தது. கட்டற்ற மென்பொருள்களுக்கான பாடங்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்து நிமிடம். தமிழ் உட்பட இந்திய மொழிகளில் குரல் கொடுத்திருக்கிறார்கள். திரையின் ஒரு பாதியில் பாடம், மறு பாதியில் மென்பொருள் என்று வைத்துக்கொண்டு, அவர்கள் செய்வதை உடனுக்குடன் நீங்களும் செய்வதுதான் இதன் முறை. ஆசிரியர் இல்லாமல் தனியே கற்பவரை மனத்தில் வைத்தே இதை வடிவமைத்திருக்கிறார்கள்.

2012 முதல் தமிழில் கணினி

கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதும் 'கணியம்' இணைய இதழ் 2012 ஜனவரியில் தொடங்கியது. இதன் 'எளிய தமிழில்' வரிசை நூல்களை மின்னூலாக இறக்கிப் படிக்கலாம், பகிரலாம், அச்சிட்டும் கொடுக்கலாம். வீடியோ பார்க்க டேட்டா போதாத நாளில் இவை கைகொடுக்கும்.

டிசைன் படிப்பு, கட்டணம் இல்லாமல்

மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பள்ளி, தேசிய வடிவமைப்புக் கழகம், குவாஹாட்டி ஐ.ஐ.டி. மூன்றும் சேர்ந்து உருவாக்கிய 'டி சோர்ஸ்' தளத்தில் டிசைன் பாடங்கள் திறந்து கிடக்கின்றன. எழுத்துரு, அனிமேஷன் முதலிய பாடங்களோடு, இந்தியக் கைவினைகளைப் படிப்படியாகப் படம் பிடித்த ஆவணங்களும் உண்டு. ஒரு பானை எப்படி உருவாகிறது, ஒரு பாய் எப்படிப் பின்னப்படுகிறது என்று பார்ப்பது டிசைன் படிப்பவருக்கு நல்ல அடிப்படை.

பிரவுசரே ஸ்டூடியோ

போட்டோஷாப் வாங்க முடியவில்லையா? 'போட்டோபியா' என்று தேடுங்கள். இவான் குட்ஸ்கிர் என்ற ஒரே மனிதர் 2013-ல் தொடங்கி வளர்த்தது. எதையும் நிறுவ வேண்டாம், பிரவுசரிலேயே திறக்கும். போட்டோஷாப் கோப்பை அடுக்கு அடுக்காக அப்படியே திறந்து திருத்தலாம். உங்கள் படம் வெளியே எந்த சர்வருக்கும் போவதில்லை. வேலையெல்லாம் உங்கள் கணினியிலேயே நடக்கிறது. பிரவுசிங் சென்டர் கணினியிலும் ஓடும்.

பிளெக்ஸுக்கு எது, போட்டோவுக்கு எது?

'கிம்ப்' 1995-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் தொடங்கியது. போட்டோவைத் திருத்த ஏற்றது. 'இங்க்ஸ்கேப்' 2003-ல் வந்தது. கோடுகளைக் கணக்காக வைத்துக்கொள்வதால், விசிட்டிங் கார்டு அளவில் வரைந்த லோகோவை இருபது அடி பிளெக்ஸாகப் பெரிதாக்கினாலும் ஓரம் பிசிறாது. பாதிப் பேர் லோகோவை கிம்ப்பில் வரைந்துவிட்டுப் பிரிண்டிங் கடையில் போய் முழிக்கிறார்கள். எழுத்தும் லோகோவும் இங்க்ஸ்கேப்பில், புகைப்படம் கிம்ப்பில் என்று பழகிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பரண்மேல் கிடக்கும் அந்த லேப்டாப்

தமிழக அரசு 2011-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அந்த லேப்டாப்புகள் பல வீடுகளில் 'ஸ்லோ ஆயிடுச்சு' என்று தூங்குகின்றன. லினக்ஸ் மின்ட்டின் 'எக்ஸ்எஃப்சிஇ' பதிப்பு போன்ற எடை குறைந்த இயங்குதளத்தைப் போட்டால் பழைய கணினியும் இங்க்ஸ்கேப், ஒலி மென்பொருளான ஆடாசிட்டி போன்றவற்றை இழுக்கும். பேட்டரி போயிருந்தால் சார்ஜரைச் செருகியே வேலை பாருங்கள். பெரிய அனிமேஷனுக்கு அது ஆகாது. போஸ்டருக்கும் குரல் பதிவுக்கும் தாராளம்.

'கொ' ஏன் உடைகிறது?

தமிழில் டிசைன் செய்கிற எல்லோரும் ஒரு நாளாவது மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது. 'கொடை' என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய் நிற்கும். காரணம் எளியது. யூனிகோடில் 'கொ' என்பது 'க', அதற்குப் பிறகு 'ஒ'கரக் குறி என்று வரிசையாகத்தான் சேமிக்கப்படுகிறது. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை எழுத்துக்கு முன்னும் காலை எழுத்துக்குப் பின்னும் நிறுத்துவது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில் எழுத்து உடைகிறது.

போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் பிரிஃபரன்சஸ், டைப் என்று போய் 'வேர்ல்ட் ரெடி லேஅவுட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இன்னும் பழைய பதிப்பில் அதன் பெயர் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்'. பிறகு மென்பொருளை மூடித் திறந்து புதுக் கோப்பில் தட்டிப் பாருங்கள். இங்க்ஸ்கேப்பிலும் லிப்ரே ஆபீஸிலும் இந்தச் சிக்கலே இல்லை. எழுத்தைச் சரியாக அடுக்கும் 'ஹார்ஃப்பஸ்' என்ற இலவச நிரல் உள்ளே இருந்து அதைப் பார்த்துக்கொள்கிறது.

பிரிண்டிங் கடைக்கு அனுப்பும் முன் இன்னொன்று: இங்க்ஸ்கேப்பில் எழுத்தைத் தேர்ந்து கண்ட்ரோல், ஷிப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்து வரைபடமாக மாறிவிடும். கடைக்காரரிடம் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் கவலை இல்லை. எழுத்தாக இருக்கும் ஒரு பிரதியைத் தனியே சேமித்து வையுங்கள். பிழை திருத்த வேண்டி வரும்.

ஐபோனில் தமிழ் எழுத்து யார் வரைந்தது?

மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன். ஆப்பிள் கருவிகளில் வரும் 'தமிழ் சங்கம் எம்என்' எழுத்துருவின் பெயரில் உள்ள 'எம்என்' அவருடைய பெயரின் முதலெழுத்துகள். 'முரசு அஞ்சல்' மென்பொருளை 1985-லேயே தொடங்கியவரும் 'செல்லினம்' செயலியைத் தந்தவரும் அவரே.

கல்யாணப் பத்திரிகைக்கு உரிமையோடு எழுத்துரு

திருட்டு எழுத்துருவைத் தேடி அலைய வேண்டியதில்லை. 'கூகுள் ஃபான்ட்ஸ்' தளத்தில் தமிழுக்கென்று பல அழகான எழுத்துருக்கள் உள்ளன. இலங்கையின் தாரிக் அஸீஸ் வரைந்த 'கவிவனார்' சாய்ந்த கையெழுத்துப் போல இருக்கும். அவருடைய 'பவனம்' மெலிந்து தெளிவாக இருக்கும். பிரியா ரவிச்சந்திரனின் 'காட்டமரான்' ஒல்லியிலிருந்து தடிப்பு வரை பல கனங்களில் வருகிறது. 'ஏக் டைப்' குழுவின் 'பலூ தம்பி' குண்டு குண்டாகக் குழந்தைகள் படத்துக்குப் பொருந்தும். இவை திறந்த உரிமத்தில் வருவதால் காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலைக்கும் பயன்படுத்தலாம். ஒரு போஸ்டருக்கு இரண்டு எழுத்துருவுக்கு மேல் வேண்டாம்.

விசைப்பலகைக்கு ஒரு மாநாடு

'தமிழ்99' விசைப்பலகை 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உறுதியானது. உயிர் எழுத்து இடக்கைக்கு, அதிகம் வரும் மெய் வலக்கைக்கு. புள்ளி வைக்கும் வேலையைப் பல இடங்களில் அதுவே பார்த்துக்கொள்ளும். வீடியோவுக்கு வசன வரி அடிப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் பழகினால் நேரம் மிச்சம்.

வாசல் கோலம் கணினி அறிவியல் ஆன கதை

இது நம் எல்லோருக்கும் பெருமை தரும் செய்தி. 1970-களில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கோலங்களைக் கணிதமாகப் படித்தார்கள். கமலா கிரித்திவாசனுடன் சேர்ந்து 1974-ல் கோலத்தையும் 'வரிசை இலக்கணங்களையும்' இணைத்து அவர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரை கணினி வரைகலை உலகில் இன்றும் பேசப்படுகிறது. ஒரு மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோலக் கோலத்துக்கும் விதிகள் இருக்கின்றன. சின்ன வடிவத்திலிருந்து பெரிய வடிவத்தை அந்த விதிகளே வளர்த்துவிடும் என்று காட்டினார்கள். நம் வீடுகளில் போடுகிற 'கிருஷ்ணர் கொலுசு' அப்படி வளரும் கோலங்களில் ஒன்று.

அதே கோலம், நிரலில்

அம்மா போடும் சிக்குக் கோலத்தைக் கவனியுங்கள். கோடு புள்ளியைத் தொடாது, சுற்றிக்கொண்டு போகும்; தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும். இந்த இரண்டு விதியும் கணினிக்குப் புரியும். 'பி5' என்ற இலவச வரைநிரலை லாரன் மெக்கார்த்தி 2013-ல் தொடங்கினார். கலைஞர்களுக்காக 2001-ல் எம்.ஐ.டி.யில் பிறந்த 'பிராசஸிங்'கின் வழிவந்தது அது. பிரவுசரில் இடப்பக்கம் எழுதினால் வலப்பக்கம் படம் வரும்.

முதல் நாள் ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து புள்ளி என்று வைக்க மட்டும் பழகுங்கள். ஒரு சுழற்சிக்குள் இன்னொரு சுழற்சி, அவ்வளவுதான். அடுத்து ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் ஒரு வில். அடுத்து பக்கத்து வில்லோடு இணைப்பு. ஐந்தை ஒன்பதாக மாற்றினால் கோலம் தானே பெரிதாகும்; மார்கழிக் கோலத்தை அம்மா மனக்கணக்கில் பெரிதாக்குவதும் இதே முறையில்தான். சந்தேகம் வந்தால் டேனியல் ஷிஃப்மேனின் 'கோடிங் டிரெய்ன்' சேனலைப் பாருங்கள். அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லித் தருகிற ஆசிரியர் அபூர்வம். கோலத்தில் சந்தேகம் வந்தால் அம்மாவிடமே கேளுங்கள்.

கோவில்பட்டியில் இருந்து நாடு முழுக்கப் போன சாமி படம்

உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய பழைய காலண்டர் முருகனை வரைந்தவர் பக்கத்து ஊர்க்காரராக இருக்கலாம். சி. கொண்டையராஜு (1898–1976) நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை வரைந்து, பின்பு கோவில்பட்டியில் தங்கி, சீடர்களோடு சேர்ந்து தெய்வப் படங்களாக வரைந்து தள்ளினார். சிவகாசி அச்சகங்கள் அவற்றைக் காலண்டராக நாடெங்கும் கொண்டுசேர்த்தன. ஒரு படம் லட்சம் வீடுகளுக்குப் போகும் கலையை இணையம் வருவதற்கு முன்பே செய்தவர்கள் நம் வட்டாரத்தார். இந்திய வெகுசன ஓவியங்களைச் சேர்த்துவைக்கும் 'தஸ்வீர் கர்' இணையக் காப்பகத்தில் காலண்டர் கலை பற்றிய படங்களும் கட்டுரைகளும் உள்ளன. முகத்தில் ஒளி எங்கிருந்து விழுகிறது, பின்னணி நிறம் எப்படி உருவத்தை முன்னே தள்ளுகிறது என்று பாருங்கள். டிஜிட்டல் ஓவியத்துக்கு இதைவிட நெருக்கமான பாடப்புத்தகம் நமக்கு இல்லை.

இரும்புக்கை மாயாவியின் ஊர்

1972-ல் இரும்புக்கை மாயாவி கதைகளைத் தந்த 'முத்து காமிக்ஸ்', 1984-ல் 'லயன் காமிக்ஸ்'. இரண்டும் சிவகாசியில் இருந்து வந்தவை. ஒரு பக்கத்துக்கு எத்தனை கட்டம், பேச்சுக் குமிழ் எங்கே வரும், பெரிய கட்டம் எந்தக் கணத்துக்கு என்று ஒரு பழைய இதழை வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். பிறகு உங்கள் கதையைப் பென்சிலில் கட்டம் போடுங்கள்.

ஓவியரின் அடுக்குகளையே திறந்து பார்க்கலாம்

பிரான்ஸின் டேவிட் ரெவாய் 2014 முதல் 'பெப்பர் அண்ட் கேரட்' என்ற படக்கதையை 'கிருதா' என்ற இலவச மென்பொருளில் வரைகிறார். முடிந்த படத்தோடு அவர் வரைந்த மூலக் கோப்பையும் சேர்த்தே தருகிறார். கிருதாவில் திறந்தால் பென்சில் கோடு, அதன்மேல் நிறம், அதன்மேல் நிழல் என ஒவ்வோர் அடுக்கையும் அணைத்தும் ஏற்றியும் பார்க்கலாம். பெயரைக் குறிப்பிட்டால் போதும், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம்.

கழுகுமலையை முப்பரிமாணத்தில் எடுக்கலாம்

சங்கரன்கோவிலில் இருந்து கோவில்பட்டி போகும் வழியில் கழுகுமலை. எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து செய்த வெட்டுவான் கோயில் அங்கே முடிக்கப்படாமல் நிற்கிறது. விமானத்தில் மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியைப் பார்த்திருப்பீர்கள்.

சாதாரண போன் படங்களை வைத்தே ஒரு சிற்பத்தின் முப்பரிமாண வடிவத்தை உருவாக்க முடியும். ஒரு பொருளைச் சுற்றி வந்து, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தோடு முக்கால் பங்கு ஒத்துப்போகிற மாதிரி வரிசையாக எடுக்க வேண்டும். 'மெஷ்ரூம்' என்ற இலவச மென்பொருள் படங்களில் பொதுவாக உள்ள புள்ளிகளைக் கண்டுபிடித்து, கேமரா எங்கே நின்றது என்று கணக்கிட்டு, வடிவத்தைக் கட்டிவிடும். என்விடியா கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினி வேண்டும். நண்பரிடம் இருந்தால் போதும். உச்சி வெயிலில் நிழல் கறுப்பாக விழும். மேகம் மூடிய நாளில் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். சிற்பத்தின் மேல் ஏறவோ கை வைக்கவோ கூடாது. நினைவுச் சின்னத்தில் எடுக்கும் முன் அங்கிருக்கும் பொறுப்பாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் வீட்டு அம்மிக்கல்லில் பழகுவது நல்லது.

ஆடிக்காற்றில் குரல் பதிவா?

செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்று நம் பக்கத்துக் காற்றாலைகளுக்கு வரம், மைக்குக்குச் சாபம். வெளியே எடுத்த வீடியோவில் 'புஸ் புஸ்' என்று மட்டும் கேட்கும். மைக்கின் மேல் ஸ்பாஞ்ச் உறை போடுங்கள், காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள், மைக்கை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். வீட்டுக்குள் பதிவு செய்தால் ஃபேனை நிறுத்திவிட்டு, சுவரை ஒட்டி ஒரு ஜமுக்காளத்தைத் தொங்கவிடுங்கள், எதிரொலி அடங்கும்.

மிச்சத்தை 'ஆடாசிட்டி' பார்த்துக்கொள்ளும். 2000-ல் இருந்து இலவசமாகக் கிடைக்கும் ஒலி மென்பொருள் அது. 'ஹை பாஸ் ஃபில்டர்' என்பதில் 80 முதல் 100 ஹெர்ட்ஸ் வைத்தால் காற்றின் அடி உறுமல் குறையும், குரல் கெடாது. இரைச்சலை நீக்க அதற்கு ஒரு மாதிரி தேவை. அதனால் பேசத் தொடங்கும் முன் நாலைந்து விநாடி சும்மா இருந்து பதிவு செய்யுங்கள்.

ஒலிக்கும் ஒரு பொது நூலகம்

'ஃப்ரீசவுண்ட்' தளத்தை 2005-ல் பார்சிலோனாவின் பொம்பியூ ஃபாப்ரா பல்கலைக்கழகத்தார் தொடங்கினார்கள். மழை, ரயில், கதவு, கூட்டம் என உலகெங்கும் பதிவான ஒலிகள் உள்ளன. பின்னணி இசைக்கு யூடியூபின் 'ஆடியோ லைப்ரரி' இருக்கிறது. சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டு உரிமைப் புகாரில் வீடியோ முடங்குவதை விட இது மேல். நம் ஊர்ச் சத்தங்கள், நையாண்டி மேளம், விசைத்தறி, வில்லுப்பாட்டின் குடம், அங்கே போதாது. பதிவு செய்து ஏற்றுகிறவர் நீங்களாக இருக்கலாம். கலைஞர்களிடம் அனுமதி கேட்டு, அவர்கள் பெயரையும் போடுங்கள்.

பாரதி நம் எல்லோருக்கும் சொந்தம்

எட்டயபுரத்துக் கவிஞரின் எழுத்துகளுக்கான உரிமையை 1949-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது சென்னை மாகாண அரசு வாங்கியது. பின்னர் அது மக்களுக்கே உரியதாக்கப்பட்டது. எனவே பாரதியின் வரிகளை உங்கள் போஸ்டரிலும் வீடியோவிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் ஒரு சினிமாவிலோ ஆல்பத்திலோ வந்த மெட்டுக்கும் பதிவுக்கும் தனி உரிமை உண்டு. நீங்களே பாடினால், உங்கள் மெட்டில் பாடினால், சிக்கல் இல்லை.

அறுபது ஆண்டுக் கணக்கு

இந்தியாவில் ஓர் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டு முடிந்ததும் அவருடைய படைப்பு பொதுவுடைமை ஆகிறது. தமிழில் அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்கள் தனி. தமிழ் இணையக் கல்விக்கழகம் வழியே அத்தகைய நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் தமிழ் விக்கிமூலத்துக்கு வந்திருக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், ஈழத்து நூல்களுக்கென 2005-ல் தொடங்கிய 'நூலகம்' தளமும் உண்டு. கதை இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

உரிமக் குறிகளைப் படிக்கத் தெரியுமா?

'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமங்கள் 2002-ல் வந்தன. 'பை' என்றால் படைத்தவர் பெயரைச் சொல்லு. 'எஸ்ஏ' என்றால் நீ செய்வதையும் இதே உரிமத்தில் கொடு. 'என்சி' என்றால் வியாபாரத்துக்கு எடுக்காதே. 'என்டி' என்றால் மாற்றாதே. 'சிசி ஜீரோ' என்றால் எந்த நிபந்தனையும் இல்லை. கூகுளில் கிடைத்த படம் எல்லாம் இலவசம் இல்லை. இந்தக் குறிகளைப் பார்த்து எடுப்பதும், பெயரை எழுதி வைப்பதும் முதல் நாளில் இருந்தே வர வேண்டிய பழக்கம்.

நியூயார்க்கில் சோழர் செப்புச் சிலை

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் 3,75,000-க்கும் மேற்பட்ட படங்களை 'சிசி ஜீரோ'வாக வெளியிட்டது. சோழர் காலப் பார்வதியின் செப்புத் திருமேனியும் அந்தத் தொகுப்பில் இருக்கிறது. உருவத்தின் வளைவை, நகையின் நுணுக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்து வரைந்து பழகலாம்.

விவசாயம் இல்லாத மாதத்தில் பிறந்த சேனல்

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் வயல் வேலை இல்லாத நாட்களில் என்ன செய்வது என்று யோசித்த ஒரு குடும்பம் 2018-ல் தொடங்கியதுதான் 'வில்லேஜ் குக்கிங் சேனல்'. 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டிய முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனது. ஒரு வீடியோவைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்: எத்தனை விநாடிக்கு ஒரு ஷாட் மாறுகிறது, கை எப்போது அருகில் வருகிறது, வயல் எப்போது முழுதாகத் தெரிகிறது? பிறகு படத்தை மறைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கேளுங்கள். ஒரே வீடியோவில் எடிட்டிங் வகுப்பும் ஒலி வகுப்பும் முடிந்துவிடும்.

சோஹோவின் டிசைன் பள்ளி

நம் தென்காசி மாவட்டத்தின் மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனம் இயங்குகிறது. பள்ளிப் படிப்பு முடித்தவர்களைச் சேர்த்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துக் கற்பிக்கும் 'சோஹோ ஸ்கூல்ஸ்' 2004-ல் தொடங்கிய முயற்சி. அதில் டிசைனுக்கும் தனிப் பிரிவு உண்டு. பொழுதுபோக்காகக் கற்றதைப் பிழைப்பாக்க விரும்பும் பிள்ளைகள் விசாரித்து வைக்கலாம்.

நாளுக்கு ஒன்று

'பீப்பிள்' என்ற பெயரில் இயங்கும் அமெரிக்க ஓவியர் 2007 மே 1 முதல் நாளுக்கு ஒரு படம் என்று விடாமல் செய்தார். முதல் 5,000 நாள் படங்களின் தொகுப்பு 2021 மார்ச்சில் ஆறு கோடியே தொண்ணூறு லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அந்தத் தொகை நமக்குப் பாடம் இல்லை, அந்த விடாப்பிடிதான் பாடம். அவருடைய தொடக்க கால ஓவியங்கள் சாதாரணமானவை. அவ்வளவு நீளம் முடியாதவர்களுக்கு, ஜேக் பார்க்கர் 2009-ல் தொடங்கிய 'இங்க்டோபர்' இருக்கிறது: அக்டோபர் மாதம் முழுக்க நாளுக்கு ஒரு மை ஓவியம்.

உங்கள் ஊர் இணையத்தில் இருக்கிறதா?

2004-ல் தொடங்கிய 'விக்கிமீடியா காமன்ஸ்' தளத்தில் பத்துக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் உள்ளன. அதில் பனவடலிசத்திரம் என்று தேடிப் பாருங்கள். பேருந்து நிறுத்தம், பனைகள், காற்றாலை, சந்தை, கொடை என்று எத்தனையோ எடுக்கக் கிடக்கின்றன. நாம் இலவசமாக எடுத்துக்கொண்ட ஒவ்வொரு கருவியும், ஒவ்வொரு எழுத்துருவும், முகம் தெரியாத யாரோ தந்தவை. கற்பவர் திருப்பித் தரத் தொடங்கும்போதுதான் இந்தக் கொடுக்கல் வாங்கல் நிற்காமல் ஓடும்.

ஆகவே இந்த வாரம் மூன்று வேலை. ஒரு மென்பொருளை மட்டும் இறக்குங்கள், இரண்டு வேண்டாம். நம் ஊரில் உள்ள ஒரு பொருளை வைத்து, சின்னதாக ஒன்றை முழுசாகச் செய்து முடியுங்கள். முடித்ததைப் 'பை' உரிமத்தோடு, உங்கள் பெயரும் ஊர்ப் பெயரும் போட்டு ஏற்றுங்கள். அடுத்துக் கற்க வருகிற பிள்ளைக்கு அது பாடமாகும்.